கிழக்கு வரப்பு

மூக்கருக்கு மோப்பம் போய்விட்டது என்பது ஊரில் யாருக்கும் தெரியாது.

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மண்ணில் கிடக்கிற மனுஷன். அப்பாவோடு உழுது, அப்பா போனபின் தம்பியோடு பாகம் பிரித்து, ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்து, தலை முழுக்க நரைத்து, இன்னமும் விடிந்தால் வயலில்தான் நிற்பார். எதையும் மோந்து பார்த்துத்தான் நம்புவார். ஒரு பிடி மண்ணை அள்ளி மூக்கருகே கொண்டுபோய், "ஈரம் இன்னும் உள்ள எறங்கல" என்பார். விதை மூட்டையைப் பிரித்தால் முகத்தையே உள்ளே விட்டுவிடுவார். மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்க்க மாட்டார். காற்றடிக்கிற பக்கம் திரும்பி மூக்கை நிமிர்த்துவார். அப்படி வந்ததுதான் அந்தப் பேர். நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலில் படுத்தார். எழுந்தபோது உடம்பு தேறிவிட்டது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. சளி என்று நினைத்து ஆவி பிடித்தார். ஒரு நாள் காலை மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளும்போது, வாசமே இல்லாத வெறும் சேற்றை அள்ளுகிற மாதிரி இருந்தது. சாணியையே கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம்கூட. மூக்கருக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் டீக்கடையில் சிரித்தே கொன்றுவிடுவார்கள். அதனால் மண்ணை அள்ளி மோந்து பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. பழைய மாதிரியே கண்ணை மூடித் தலையை ஆட்டிவிட்டு, உத்தேசமாக எதையாவது சொல்லிவைப்பார்.

ஆனால் அன்றிலிருந்து ஒன்று மாறியது. எதன் மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் போயிற்று. விதைக்கடையில் பழைய விதையைத் தள்ளிவிட்டான் என்பார். தீவனத்தில் பூஞ்சை பிடித்ததைக் கலந்திருக்கிறான் என்பார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இது நேத்து வச்சதா?" என்று கேட்பார்.

"இப்பதாங்க எறக்கினேன். ஆவி பறக்குது, தெரியல?" என்பாள் அவள்.

"சுட வச்சாலும்தான் ஆவி பறக்கும்."

அவளுக்கு ஒன்றும் விளங்காது. வயசாகிறது, வாய் நீளுகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அந்தக் கோடையில் தக்காளி போட்டிருந்தார்கள். நாற்று நட்டு, மண் அணைத்து, குச்சி ஊன்றிக் கயிறு கட்டி, புருஷனும் பெண்டாட்டியும் முதுகு ஒடிய வளர்த்த பயிர். கீழ்க்கொத்தில் பிஞ்சு இறங்க ஆரம்பித்திருந்தது. இலைக்கடியில் வெள்ளை ஈ தெரிந்ததால் மருந்தடித்தார். அடித்துச் சில நாள் கழித்து, ஒரு காலையில் வாய்க்காலைத் தாண்டி உள்ளே கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கொழுந்தெல்லாம் முறுக்கிக்கொண்டிருந்தன. இலை விரிய வேண்டிய இடத்தில் நூல் நூலாக ஏதோ நீட்டிக்கொண்டு நின்றது. ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி தண்டு திருகியிருந்தது. பூவெல்லாம் காம்போடு உதிர்ந்து மண்ணில் கிடந்தன. வாடல் என்றால் அவருக்குத் தெரியும். புழு என்றால் தெரியும். வியாதி என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்து, அப்புறம் பரவும். இது வரிசை வரிசையாக, யாரோ நடந்துகொண்டே செய்த மாதிரி இருந்தது.

கிழக்கு வரப்பை ஒட்டிய வரிசைகள்தான் ரொம்ப மோசம். மேற்கே போகப் போகக் குறைந்தது. கடைசி வரிசைகள் ஒன்றும் நடக்காதது போலப் பச்சைப்பசேலென்று நின்றன.

கிழக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் மக்காச்சோளம். முழங்கால் உயரத்துக்கு, ஒரு களை இல்லாமல், காற்றில் தலையாட்டிக்கொண்டு நின்றது.

அவர் வரப்பில் உட்கார்ந்து அந்தச் சோளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகிறது. நிலத்தைப் பிரித்தபோது கிணறு மட்டும் பொதுவாக நின்றது. ஒரு நாள் இவருக்கு, மறுநாள் அவனுக்கு. போன கோடையில் மோட்டார் எரிந்துபோனது. தண்ணி வற்றினபிறகும் நீதான் ஓட்டினாய் என்று இவர் சொன்னார். நேற்று ஓட்டியது நீ அல்லவா என்று அவன் சொன்னான். இரண்டு பேரும் சேர்ந்துதான் சரிசெய்தார்கள். ஆனால் வேலை முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நடந்தவர்கள்தான். தம்பிக்குப் பெண்டாட்டி செத்து வருஷக்கணக்காகிறது. பிள்ளை குட்டி கிடையாது. இந்தக் கோடை ஆரம்பத்தில் கொட்டகைக் கூரையை மாற்றும்போது ஏணி சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. மூக்கர் போகவில்லை.

"என்ன மூக்கரே, காலங்காத்தால வரப்புல உக்காந்துட்டீங்க?"

ரேடியோதான். ஊரில் எந்தச் சேதியும் அவர் வாய் வழியாகத்தான் போகும், அதனால் அந்தப் பேர். செடியைப் பார்த்துவிட்டு வாயில் கைவைத்தார்.

"அடப்பாவமே! இது என்ன கூத்து?"

"அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

ரேடியோ சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு வச்சுக்காதீங்க. முந்தாநாள் சாயங்காலம் உங்க தம்பி இந்த வரப்புல நின்னாரு. கட்டையை ஊனிக்கிட்டு, உங்க செடியவே மொறச்சுப் பாத்துக்கிட்டு நின்னாரு. என்னப் பாத்ததும் விருட்டுனு திரும்பிட்டாரு."

"கால் ஒடிஞ்சவன் இவ்வளவு தூரம் எதுக்கு வந்தான்?"

"அதானே நானும் கேக்கறேன்."

மூக்கர் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, துண்டில் சுற்றிக்கொண்டு, அன்றைக்கே பஸ் ஏறினார்.

மருந்துக்கடைக்காரர் செடியை மேஜைமேல் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்ன வயசுக்காரர்; அவர் அப்பா காலத்திலிருந்து மூக்கருக்கு அந்தக் கடைதான்.

"இது பூச்சியும் இல்லண்ணே, வியாதியும் இல்ல. களைக்கொல்லி."

"நான் களைக்கொல்லியே அடிக்கலப்பா."

"பக்கத்துல யாராவது சோளத்துக்கு அடிச்சிருப்பாங்க. சோளத்த அது ஒண்ணும் பண்ணாது. தக்காளிக்கு ஒரு சொட்டு போதும், முறுக்கிப் போட்டுடும்."

"வேணும்னே கொண்டாந்து அடிக்கலாமில்ல?"

"அடிக்கலாம். காத்துலயும் வரும். ஆனா இவ்வளவுன்னா..." கடைக்காரர் தயங்கினார். "நீங்க மருந்தடிக்கிற டேங்க்க யாராவது இரவல் வாங்கினாங்களா? சரியாக் கழுவலன்னா உள்ள ஒட்டிக்கிட்டு நிக்கும். அப்புறம் நாம வேற மருந்து ஊத்தி அடிச்சா அதுவும் சேந்து வரும்."

"என் டேங்க்க நான் யாருக்கும் குடுக்கறதில்ல."

"இல்ல, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"எனக்கே டேங்க் கழுவச் சொல்லித் தர்றியா? மூடியத் தொறந்து மோந்து பாக்காம நான் தண்ணி ஊத்தினதே கிடையாது."

சொல்லும்போதே உள்ளே எங்கேயோ இடித்தது. அன்றைக்கும் திறந்து மோந்து பார்த்தார்தான். தலையைக்கூட ஆட்டினார். அந்த நினைப்பு மேலே வருவதற்குள் அதை அமுக்கிவிட்டு, சோளம், களைக்கொல்லி, தம்பி, வரப்பு என்று வரிசையாக அடுக்கிப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. பஸ்ஸில் திரும்பும்போது அவருக்குத் துக்கத்தைவிட ஒருவிதத் தெளிவுதான் இருந்தது.

வீட்டில் அவள் பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னவன் வேலைதான்," என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"கடைக்காரர் அப்படியா சொன்னாரு?"

"களைக்கொல்லின்னாரு. சோளத்துக்கு அடிக்கிறது. இந்தப் பக்கத்துல சோளம் போட்டவன் வேற யாரு?"

அவள் கை பாத்திரத்திலேயே நின்றது.

"கால்ல கட்டு போட்டவரு. அவரு எப்படி அடிப்பாரு?"

"கூலிக்கு ஆள் வச்சு அடிச்சிருப்பான். உனக்கென்ன தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்," என்று அவள் அதையே திருப்பிச் சொன்னாள். அப்புறம், "நம்ம டேங்க்குல ஏதாவது..." என்று ஆரம்பித்தாள்.

"நீயுமா?" அவர் போட்ட சத்தத்தில் கொட்டகையில் மாடு தலையைத் தூக்கியது. "எல்லாருக்கும் நான்தான் கேனயனா? அந்தக் கடைக்காரப் பயலும் டேங்க்குங்கறான், நீயும் டேங்க்குங்கற!"

அவள் குனிந்து பாத்திரத்தைத் தேய்த்தாள். அது எப்போதோ சுத்தமாகியிருந்தது.

நடந்தது இதுதான். மகள் வேறு வீட்டுக்கு மாறுகிறாள் என்று சாமான் தூக்கித் தர மூக்கர் வெளியூர் போயிருந்தார். மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவள் கிழக்கு வரப்பில் நின்று கொழுந்தனைப் பார்த்தாள். கட்டுப்போட்ட காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் ஊன்றித் தவழ்ந்து, சோளத்துக்குள் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். மருந்து வாங்கி வைத்திருக்கிறான், அடிக்க ஆளில்லை. அவனுடைய டேங்க்கோ வாஷர் போய்க் கிடந்தது. "நகருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இவருடைய டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு போனாள். பாதி நாளில் முழுக்க அடித்து முடித்தாள். "சோப்புத்தண்ணி விட்டு நல்லா அலசுங்க அண்ணி, அது லேசுல போகாது" என்று அவன் சொல்லித்தான் அனுப்பினான். வந்து பார்த்தால் கரண்ட் இல்லை, தொட்டியில் தண்ணி இல்லை. குடத்தில் இருந்ததை ஊற்றி இரண்டு தடவை குலுக்கிக் கொட்டினாள். நாளைக்கு மறுபடி கழுவிக்கொள்ளலாம் என்று வைத்தாள். சாயங்காலமே புருஷன் வந்துவிட்டார். மறுநாள் விடிவதற்குள் டேங்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

செடியைப் பார்த்த அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அவர் அடிக்கிற ஆள் இல்லை. ஆனால் ஒன்றைச் சொன்னால் ஒன்பதைக் கேட்பார். ஏன் போனாய், எப்போதிலிருந்து போகிறாய், இன்னும் என்னென்ன எனக்குத் தெரியாது என்று.

மறுநாள் மூக்கர் மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு போட்டார்.

வெயில் ஏறின நேரத்தில் தம்பி வந்தான். கட்டையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி வைத்து, வாய்க்கால் ஓரமாகவே மெல்ல வந்து சேர்ந்தான். அண்ணன் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"பூட்டு மாறியிருக்கேண்ணே."

"மாறித்தான் இருக்கு."

"இன்னைக்கு என் முறை."

"முறையா? முறை தெரிஞ்சவன் செய்யற வேலையாடா நீ செஞ்சது?"

"நான் உன் பயிர ஒண்ணும் பண்ணல."

"அன்னைக்குச் சாயங்காலம் வரப்புல நின்னு என்ன பாத்த?"

தம்பி கட்டையை மாற்றி ஊன்றினான். பார்த்தது உண்மை. பார்த்த உடனே அது எந்த மருந்து, எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதும் உண்மை.

"வாயத் தொறடா. நீ பண்ணலன்னா யாரு பண்ணினா?"

தம்பி வாயைத் திறந்தான். தூரத்தில், வீட்டு வாசலில் அண்ணி நிற்பது தெரிந்தது. கையில் துடைப்பம், பெருக்கவில்லை.

"தெரியல," என்றான்.

"தெரியலங்கறவன் மூஞ்சியா இது? உனக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்கற."

"அண்ணே, நேத்துதான் உரம் வச்சிருக்கேன். தண்ணி விடலன்னா வேர் வெந்துடும்."

"என்னுது வேகல? போ, போய் நின்னு பாரு. பாக்கத்தான் உனக்கு ஆசையாச்சே."

தம்பி கொஞ்ச நேரம் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்த மாதிரியே ஒவ்வொரு எட்டாகத் திரும்பிப் போனான். ஒரு இடத்தில் கட்டை சேற்றில் புதைந்துகொண்டது. மூக்கர் எழுந்திருக்கத்தான் இடுப்பைத் தூக்கினார், அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் வெயில் தாளவில்லை. மத்தியானத்தில் காக்கா கூடப் பறக்கவில்லை. சோளத்தின் இலைகள் சுருண்டு குழல் குழலாக நின்றன. காலையில் கொஞ்சம் விரியும்; பத்து மணிக்குள் மறுபடி சுருண்டுவிடும். ஓரம் பழுத்துக் காய ஆரம்பித்தது. இந்தப் பக்கம் தக்காளியும் அந்தப் பக்கம் சோளமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு செத்தன. டீக்கடையில் ரேடியோ இரண்டு பேருக்கும் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார். யாராவது நடுவில் பேசுங்கள் என்றால், "அண்ணன் தம்பி விஷயத்துல நாம தலையிடறதா?" என்று இன்னொரு டீ சொன்னார்.

மூக்கர் மத்தியானத் தூக்கத்தை விட்டார். தம்பி இன்னும் ஏதோ செய்யப்போகிறான், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று, வயலின் மூலையில் இருந்த வைக்கோல் போருக்குப் பின்னால் மத்தியானமெல்லாம் போய் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்தால் கண்ணில் படுவதெல்லாம் குற்றமாகத் தெரியும். தம்பி வெளியே வந்து வானத்தைப் பார்த்தால், ஏன் பார்க்கிறான்? உள்ளேயே இருந்தால், உள்ளே என்ன செய்கிறான்?

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் பெண்டாட்டி வீட்டிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தார். கையில் தூக்குப் பாத்திரம். தனக்குத்தான் சாப்பாடு கொண்டுவருகிறாளோ என்று முதலில் நினைத்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். வாய்க்காலுக்குள் இறங்கி, கிழக்கு வரப்பில் ஏறி, தம்பி வீட்டுக்குள் போனாள்.

உள்ளே அவள் கொழுந்தனுக்குச் சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி, நான் சொல்லிடறேன். பயிர் போகுது."

"வேணாம் அண்ணி. இப்ப சொன்னா உங்களப் பிச்சுத் தின்னுடுவாரு. ஒரு மழ வந்தா என்னுது தேறிடும்."

"எங்க இருக்கு மழ?"

"எம்மேல ஏற்கெனவே கோவம். அது எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

"நான் பண்ணினதுக்கு நீங்க ஏன் சொமக்கணும்?"

"எனக்காகத்தானே பண்ணினீங்க?" அவன் தட்டைப் பார்த்தே பேசினான். "சொல்லாதீங்க அண்ணி."

இது எதுவும் வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தவருக்குக் கேட்கவில்லை. கதவு மட்டும் தெரிந்தது. அவள் உள்ளே போனது தெரிந்தது. வெளியே வர நேரமாயிற்று என்பது தெரிந்தது. அவள் வெளியே வந்ததும் இவர் எழுந்து, அவளுக்குத் தெரியாமல், பின்னாலேயே நடந்தார். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கூடவே நடந்த பெண்டாட்டியைப் பின்னாலிருந்து பார்ப்பது வேறு மாதிரி இருந்தது. யாரோ ஒருத்தி போவது போல இருந்தது.

அவள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் நிலைப்படியில் நின்றார்.

"எங்க போயிருந்த?"

"கடைக்கு."

"என்ன வாங்கின?"

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள்.

"எத்தன நாளாப் போற?"

"என்னங்க கேக்கறீங்க?"

"அவனுக்கும் உனக்கும் என்ன?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவரே திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கொஞ்ச நேரம் காத்திருந்த மாதிரி இருந்தது. அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"வாங்க," என்றாள்.

"எங்க?"

"வாங்கன்னா வாங்க."

இந்தத் தடவை அவள் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. நடு வயல் வழியாக, தக்காளிக்குள்ளேயே புகுந்து, உச்சி வெயிலில் விறுவிறுவென்று நடந்தாள். அவர் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார். பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தம்பி கட்டிலிலிருந்து பதறி எழுந்து கட்டையைத் தேடினான்.

"உக்காருங்க தம்பி. உங்கண்ணன் என்னவோ கேக்கறாரு. உங்க முன்னாலயே சொல்லிடறேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நான்தான் அடிச்சேன்."

"என்ன அடிச்ச?"

"களைக்கொல்லி. நீங்க ஊர்ல இல்லாதப்ப, உங்க டேங்க்க எடுத்து, இவரு சோளத்துக்கு நான்தான் அடிச்சேன். கழுவினேன். நல்லாக் கழுவல. மறுநாள் நீங்க அதே டேங்க்க எடுத்துட்டுப் போய்த் தக்காளிக்கு அடிச்சீங்க. அவ்வளவுதான் நடந்தது."

மூக்கர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"பொய்," என்றார். "இவனக் காப்பாத்தறதுக்கு நீ சொல்ற."

"கிழக்கேர்ந்துதானே அடிக்க ஆரம்பிச்சீங்க? அங்கதானே ரொம்ப மோசம்? கடைசி வரிசைக்கெல்லாம் மருந்து பத்தல, விட்டுட்டு வந்தேன்னு நீங்களே சொல்லல? அதெல்லாம் எப்படி நிக்குதுன்னு போய்ப் பாருங்க."

அவர் பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த வரிசைகளின் பச்சை அவர் கண்ணிலேயே நின்றது.

"கால ஒடிச்சுக்கிட்டுத் தவழ்ந்து களை புடுங்கறாரு மனுஷன். அதப் பாத்துட்டு வந்து நான் எப்படிச் சோறு திங்கறது? உங்ககிட்ட கேட்டா விடுவீங்களா?" அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "மறுநாள் காலையில நீங்க டேங்க்கத் தொறந்தீங்களே, வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்குப் பக்குபக்குனு இருந்தது. அந்த மருந்து நாறும். கொஞ்சம் இருந்தாலும் நாறும். நீங்க மோந்து பாத்துட்டுத் தலைய ஆட்டினீங்க. அப்பாடான்னு இருந்தது. இவரு மூக்குக்கே தெரியலன்னா சுத்தமாத்தான் போயிருக்குன்னு நெனச்சேன். உங்க மூக்க நம்பினேங்க."

மூக்கர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வாசன வர்றதில்ல," என்றார்.

"என்னது?"

"காய்ச்சல்லேர்ந்து. ஒண்ணுமே வர்றதில்ல. சும்மாத்தான் மோந்து பாத்தேன்."

தம்பிதான் முதலில் நிமிர்ந்தான்.

"டாக்டர்கிட்ட காட்டினியாண்ணே?"

அந்த வீட்டில் அன்றைக்கு அப்படிக் கேட்க அவன் ஒருத்தனுக்குத்தான் தோன்றியது. மூக்கர் தலையை ஆட்டினார், இல்லை என்று. அவள் மெல்ல சுவரோரமாக உட்கார்ந்தாள். தள்ளி வைத்த தட்டுகளெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அத எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"நீ ஏன் சொல்லல?"

"நான் இப்ப சொல்லிட்டேன்," என்றாள் அவள். "நீங்க எங்கிட்ட அப்படிக் கேட்டதுக்கப்புறமும் சொன்னேன்."

மூக்கர் தம்பி பக்கம் திரும்பினார். "உனக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்."

"தெரியும்."

"பயிர் சாகறதப் பாத்துக்கிட்டு வாய மூடிக்கிட்டிருந்தியா?"

"அண்ணி பேர எப்படிச் சொல்றது?" என்றான் அவன்.

மூக்கர் இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்தார். கிணற்றுப் பக்கம் நடந்தார். பூட்டைத் திறந்து ஸ்விட்சைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட் இல்லை.

வேறு வழியில்லாமல் தொட்டியோரம் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் தம்பி கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவளும் வந்தாள், ஆனால் இரண்டு பேரிடமிருந்தும் தள்ளி, வாய்க்கால் கரையில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் மோட்டார் ரூமுக்குள் தொங்கிய பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப வரும்?" என்றார் மூக்கர்.

"சில நாள் மூணுக்கு வருது. சில நாள் நாலாகுது," என்றான் தம்பி.

"சோளம் தேறுமா?"

"பள்ளத்துல இருக்கறது தேறும். மேட்டுல இருக்கறது போனதுதான்."

"தக்காளியப் புடுங்கிடணும்."

"ஆமா. வச்சிருந்து பிரயோஜனம் இல்ல."

பயிரைப் பற்றி என்றால் அவர்களால் பேச முடிந்தது. அதைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. தம்பி மண்ணில் குச்சியால் கோடு போட்டான். மூக்கர் எழுந்து அவள் பக்கம் போய், எட்ட நின்றார்.

"அந்த வார்த்த..." என்று ஆரம்பித்தார். "வாய் தவறி வந்துடுச்சு."

"வாய் தவறி வர்ற வார்த்தையா அது?" அவள் அவரைப் பார்க்கவில்லை. "தக்காளி போச்சுன்னா அடுத்த நடவுல பாத்துக்கலாம். நீங்க கேட்டத நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

"நான் கேட்டிருக்கக் கூடாது," என்றார் கடைசியில்.

"ஆமா. கேட்டிருக்கக் கூடாது."

பல்பு எரிந்தது. மூக்கர் ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் முனகி, இருமி, பிடித்துக்கொண்டது. தண்ணி தொட்டியில் விழுந்து தெறித்தது. மண்வெட்டியை எடுத்துத் தன் பக்கத்து மடையை அடைத்து, தம்பி பக்கம் திறந்துவிட்டார். காய்ந்த வாய்க்காலில் தண்ணி சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு போயிற்று. அவர் கூடவே போனார். உடைப்பு இருந்த இடத்தில் மண் போட்டு அடைத்தார். சோளத்துக்குள் பாத்தி பாத்தியாகத் தண்ணியைத் திருப்பிவிட்டார். தம்பி வரப்பில் நின்று, "அந்தப் பக்கம் பள்ளம்ணே, கொஞ்சமா விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவர் சரி சரி என்றார். வெயில் சாய்ந்து, தண்ணி மேட்டுப் பாத்தி வரை ஏறியபிறகுதான் நிறுத்தினார்.

முழங்கால் வரை சேறோடு அவர் திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார்.

அவள் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். ஆனால் நடக்கவில்லை.

"நீங்க முன்னால போங்க," என்றாள்.

"ஏன், சேந்தே போலாமே."

"இன்னைக்கு எம் பின்னால வந்தது போதும். இனிமே என்னைக்கும் நீங்க எம் பின்னால வரக்கூடாது. முன்னால போங்க. திரும்பிப் பாக்காமப் போங்க."

அவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வாய்க்கால் சத்தத்தில் பின்னால் காலடி கேட்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பாதி வழியில் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தன் வீட்டுக் கதவையே பார்த்தபடி, அவர் நடந்துகொண்டே இருந்தார்.